தலைச்சூலும் கொசுவலையும்

இலக்கியம் பேசும் இடத்தில் கொசுவைப் பற்றி என்ன பேச்சு என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். நாமும் தமிழில் முதுகலை பயின்று, கல்லூரியில் யாப்பும் உரைநடையும் கற்பித்துக் காலம் கழிப்பவரே. மருத்துவம் நம் துறையன்று. ஆயினும் கருவுற்ற பெண்ணை மலேரியாவிலிருந்து காப்பது பற்றிப் படிக்கப் படிக்க, அந்த முயற்சி இடறும் இடங்களுள் ஒன்று நம் துறையில்தான் இருக்கிறது என்ற எண்ணம் வலுப்பட்டது. வலை இருக்கிறது, பரிசோதனை இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. அவற்றைப் பற்றி ஒரு பெண்ணிடம் எதை, எந்தச் சொல்லில், யாரை அருகில் வைத்துக்கொண்டு சொல்வது என்பதில் நாம் தவறிவிடுகிறோம். அது மொழியைப் பற்றிய கேள்வி. ஆகவே அதைப் பற்றிப் பேச நமக்கும் உரிமை உண்டு, கடமையும் உண்டு.

முதலில் எங்கள் வீட்டுக் கதை ஒன்று. 2009ஆம் ஆண்டு. கல்லூரிப் பணியில் சேர்ந்த புதிது. வடசென்னையில் ஒரு பழைய மாடிவீட்டில் குடியிருந்தோம். பின்கட்டில் மூடியில்லாத கிணறு, மொட்டை மாடியில் மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி. துணைவியாருக்கு அப்போது ஐந்தாம் மாதம், தலைச்சூல். ஆவணி மாதத்து மாலை ஒன்றில் உடம்பு வெடவெடவென்று நடுங்கிக் காய்ச்சல் கண்டது. இரவே வியர்த்து விட்டது. மறுநாள் ஒன்றுமில்லை; எழுந்து சமைத்தார். அதற்கடுத்த நாள் அதே நேரத்தில் அதே நடுக்கம். "வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு மாத்திரை ஆகாது, கஷாயம் போதும்" என்றார் அம்மா. நாமும் தலையாட்டினோம். கஷாயத்திலும் ஈரத்துணியிலுமாக ஆறு நாள் போயின. ஏழாம் நாள் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றபோது விரல் நுனியில் குத்திக் கண்ணாடித் தகட்டில் இரத்தம் தடவிப் பார்த்தார்கள். மலேரியா என்றார்கள், வைவாக்ஸ் வகை. இரத்தசோகை வேறு.

அந்தக் காத்திருப்புக் கூடத்தின் சுவரில் பெரியதொரு கொசுப் படம். அதன் கீழே 'கொசுக்களை ஒழிப்போம், மலேரியாவைத் தடுப்போம்' என்ற வாசகம். மாதந்தோறும் பரிசோதனைக்குப் போனபோதெல்லாம் அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தோம். ஒருமுறைகூட அது நம்மோடு பேசியதில்லை. மாத்திரை எழுதிக் கொடுத்தபின்னும் அம்மாவுக்கு மனம் ஒப்பவில்லை. அப்போது மாத்திரை எடுத்துக் கொடுத்த செவிலியர் ஒருவர் அம்மாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "இந்தக் காய்ச்சல் உலுக்குறது உங்க மருமகளைத்தாம்மா. ஆனா பட்டினி கிடக்குறது உள்ள இருக்குற புள்ளை. ரத்தத்துலதானே அதுக்குச் சோறு போவுது? அந்த ரத்தத்தைத்தான் இந்தப் பூச்சி தின்னுது. இந்த மாத்திரை புள்ளைக்கு ஆகும். ஆகாத மாத்திரை ஒண்ணு இருக்கு, அதைப் பிரசவத்துக்கு அப்புறம்தான் குடுப்பாங்க" என்றார். அம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு அந்தக் கசப்பு மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தவர் அம்மாதான். கடைக்கு அனுப்பிக் கொசுவலை வாங்கிவரச் செய்தவரும் அவர்தான்.

அந்தச் செவிலியர் சொன்னது எவ்வளவு துல்லியமானது என்பது பிற்பாடு படித்தபோதுதான் விளங்கிற்று. வைவாக்ஸ் ஒட்டுண்ணி கல்லீரலில் உறங்கிக் கிடந்து மீண்டும் எழக்கூடியது. உறங்குவதை அழிக்கும் பிரைமாகுயின் மருந்தைக் கருவுற்றவர்களுக்குக் கொடுக்கக்கூடாது. இரத்தத்தில் இருப்பதை அழிக்கும் குளோரோகுயினைக் கொடுக்கலாம். எட்டாம் மாதத்தில் காய்ச்சல் மீண்டும் வந்தது. இம்முறை ஒருநாள்கூடக் காத்திருக்கவில்லை. மகள் பிறந்தபோது எடை இரண்டு கிலோ நூறு கிராம். இரண்டரைக் கிலோவுக்குக் கீழே என்றால் எடை குறைந்த குழந்தை என்பது கணக்கு. மலேரியாதான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது; ஆனால் அந்த ஆறு நாளை நினைக்காமல் இருக்கவும் முடிவதில்லை. மகள் இன்று பள்ளியில் உயர் வகுப்பில் படிக்கிறாள், நலமாக இருக்கிறாள். எல்லா வீட்டிலும் கதை இப்படி முடிவதில்லை.

கருவுற்ற பெண்ணுக்கு வரும் மலேரியா மற்றவர்களுக்கு வருவதைப் போன்றதன்று. இதை நம் சுவரொட்டிகள் சொல்வதேயில்லை. கொடிய வகையான பால்சிபாரம் புகுந்த இரத்த அணுக்கள் உடம்பெல்லாம் சுற்றிக்கொண்டே இருப்பதில்லை. சுற்றினால் மண்ணீரலில் பிடிபட்டு அழிய நேரும். ஆகவே குருதிக் குழாய்களின் உட்சுவரில் எங்காவது ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. பெண் கருவுற்றதும் அவள் உடம்பில் நஞ்சுக்கொடி என்ற புதிய உறுப்பு உருவாகிறது. ஒட்டுண்ணிக்குப் புதிய ஒளிவிடம் கிடைக்கிறது. நஞ்சுக்கொடியில் உள்ள காண்ட்ராய்டின் சல்பேட் ஏ என்ற பொருளைப் பற்றிக்கொண்டு இந்த அணுக்கள் அங்கே தங்குகின்றன என்பதை மிக்கல் ஃப்ரீட், பேட்ரிக் டஃபி ஆகிய ஆய்வாளர்கள் மேற்குக் கென்யாவில் செய்த ஆய்வின் வழியே 1996இல் வெளியிட்டனர்.

இதிலிருந்து மூன்று செய்திகள் கிளைக்கின்றன. ஒன்று, மலேரியா மிகுந்த ஊரில் பிறந்து வளர்ந்த பெண்ணுக்குச் சிறுவயது முதல் நோயோடு பழகி ஓரளவு எதிர்ப்பாற்றல் இருக்கும். ஆனால் நஞ்சுக்கொடியைப் பற்றும் இந்தப் புதிய உருவத்தை அவள் உடம்பு முன்பு கண்டதில்லை. எனவே தலைச்சூலுக்கே ஆபத்து அதிகம். இரண்டாம், மூன்றாம் பேறுகளில் உடம்பு கற்றுக்கொள்கிறது. சென்னை போல நோய் குறைந்த ஊர்களிலோ யாருக்கும் அந்த எதிர்ப்பாற்றல் இல்லை. முதற்பேறானாலும் மூன்றாம் பேறானாலும் ஆபத்து ஆபத்தே. இரண்டு, எதிர்ப்பாற்றல் உள்ள பெண்ணுக்குக் காய்ச்சலே வராமல் இருக்கலாம். விரல் நுனி இரத்தத்திலும் ஒட்டுண்ணி தென்படாமல் போகலாம். நஞ்சுக்கொடியிலோ அது நிறைந்திருக்கும். மூன்று, தாய்க்கு இரத்தசோகை, கருச்சிதைவு, குறைப்பேறு, இறந்தே பிறத்தல், எடை குறைந்த குழந்தை எனத் தீங்குகள் வரிசையாக வரும். வைவாக்ஸ் இப்படி நஞ்சுக்கொடியில் குவிவது குறைவென்றாலும் இரத்தசோகையையும் எடைக் குறைவையும் அதுவும் உண்டாக்கும்.

இன்னொன்றும் உண்டு. கருவுற்ற பெண்களைக் கொசு அதிகமாக நாடுகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடான காம்பியாவில் நடத்திய ஆய்வொன்று 2000ஆம் ஆண்டில் வெளியானது. கருவுறாத பெண்களைவிட இருமடங்கு கொசுக்கள் கருவுற்ற பெண்களை நாடிச் சென்றன என்று அது காட்டிற்று. உடம்பின் வெப்பமும் வெளிவிடும் மூச்சின் அளவும் கூடுவது காரணமாகலாம் என்றனர். அந்தப் பெண்கள் இரவில் சிறுநீர் கழிக்க இருமுறை மும்முறை எழுந்து வலைக்கு வெளியே வரவும் வேண்டியிருக்கிறது. கருவுற்றவளின் இரவு எப்படிப்பட்டது என்று அறிந்தவர்கள் எழுதும் அறிவுரையில் இது இடம்பெற்றிருக்கும். 'இரவில் வலைக்குள் உறங்கவும்' என்ற ஒற்றை வரியில் அந்த இரவு இல்லை.

நம் கருத்தை இனி நேராகச் சொல்லிவிடலாம். கருவுற்ற பெண்ணுக்கான மலேரியாக் கல்வி என்ற பெயரில் நாம் ஏவல்களை மட்டும் கொடுத்து வருகிறோம், காரணத்தைக் கொடுப்பதில்லை. 'செய்க', 'தவிர்க்க', 'அணுகவும்' என்று வியங்கோளாகவே பேசுகிறோம். காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் போ என்றால் காய்ச்சல் வராதவள் போகமாட்டாள். காய்ச்சலே இல்லாமல் நஞ்சுக்கொடியில் நோய் தங்கும் என்ற ஒரு செய்தியைச் சொல்லாதவரை, 'நன்றாகத்தானே இருக்கிறேன், எதற்கு இரத்தம் எடுக்க வேண்டும்' என்று அவள் கேட்பது முழு நியாயம். படிக்காத பெண்களுக்கு இவ்வளவு விளக்கம் புரியுமா என்று கேட்பவர்கள் உண்டு. மேலே சொன்ன செவிலியர் எங்கள் அம்மாவுக்குச் சொல்லிப் புரியவைக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். புரியாது என்பது சொல்லத் தெரியாதவர்களின் சாக்கு.

இரண்டாவது குறை, யாரிடம் சொல்கிறோம் என்பது. துண்டறிக்கை கருவுற்ற பெண்ணின் கையில் கொடுக்கப்படுகிறது. ஆனால் எத்தனை வீடுகளில் அவள் எங்கே படுப்பது என்பதை அவளே முடிவு செய்கிறாள்? வீட்டில் ஒரே வலை இருந்தால் அது யாருக்கு? பெரியவர்களுக்கும் சம்பாதிக்கிறவனுக்கும் போக மீதி அல்லவா புதிதாக வந்த மருமகளுக்கு? மருத்துவமனைக்குப் போகப் பேருந்துக் காசு யாரிடம் இருக்கிறது? மாமியாரிடமும் கணவனிடமும் பேசாத கல்வி பாதி வழியில் நின்றுவிடுகிறது. பரிசோதனைக்குத் துணையாக வரும் ஆண்கள் பெரும்பாலும் வெளியே தேநீர்க்கடையில் நிற்கிறார்கள். நாமும் அப்படி நின்றவர்தான். உள்ளே அழைத்து உட்காரவைத்து யாரும் சொல்லவில்லை என்பது உண்மை. நாமாகக் கேட்கவில்லை என்பது அதைவிடப் பெரிய உண்மை.

மூன்றாவது, மருந்து பற்றிய அச்சத்தை அறியாமை என்று ஒதுக்குவது. கருக்காலத்தில் கண்ட மாத்திரையையும் விழுங்கக்கூடாது என்பது நம் பாட்டிமார் கண்ட அறிவு. மருத்துவமும் அதைத்தான் சொல்கிறது. பிரைமாகுயினைக் கர்ப்பிணிக்கு விலக்கியிருப்பதும் அதே எச்சரிக்கையால்தான். பால்சிபாரம் மலேரியாவுக்குத் தரப்படும் ஆர்டிமிசினின் கூட்டு மருந்துகளை முதல் மூன்று மாதங்களில் தர உலக சுகாதார நிறுவனமே நெடுங்காலம் தயங்கிற்று. போதுமான சான்று சேர்ந்தபின் 2022ஆம் ஆண்டு இறுதியில்தான் ஆர்டிமீதர்-லுமிஃபான்ட்ரின் கூட்டு மருந்தை அக்காலத்துக்கும் பரிந்துரைத்தது. நிறுவனம் இத்தனை ஆண்டு தயங்கலாம். ஒரு மாமியார் ஆறு நாள் தயங்கினால் மட்டும் மூடநம்பிக்கையா? அச்சத்தை மதித்து, இந்த மருந்து ஆகும், இது ஆகாது, இதனால் என்று பிரித்துச் சொல்வதே கல்வி. கேலி செய்தால் அடுத்தமுறை அவர்கள் வாய் திறக்கமாட்டார்கள். மாத்திரை மட்டும் சாக்கடைக்குப் போகும்.

நான்காவது, காலம். அண்மைக் காலத்தில் தமிழ்நாட்டில் கொசு என்றாலே டெங்கு என்றாகிவிட்டது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிப்பது. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் அந்தி முதல் விடியல் வரை கடிப்பது. இரண்டையும் ஒரே படத்தில் போட்டுக் குழப்பினால், வலை எப்போது வேண்டும் என்பதே தெளிவில்லாமல் போகிறது. சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுக்கும் சென்னைவாசிக்கு, அதே மாடியின் மூடியில்லாத தொட்டியில்தான் அனோபிலிஸ் ஸ்டீபன்சி வளர்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். 2000களில் தமிழ்நாட்டு மலேரியா நோயாளிகளுள் பெரும்பகுதியினர் சென்னையைச் சேர்ந்தவர்கள் என்பதற்கு இந்தக் கிணறுகளும் தொட்டிகளும் முக்கியக் காரணம்.

சென்னைக்கு நன்கு பழக்கமான இந்தத் தொட்டிக் கொசு இன்று நாடு கடந்தும் பரவுகிறது. 2012இல் ஆப்பிரிக்காவின் ஜிபூத்தியிலும் பிறகு எத்தியோப்பியாவிலும் காணப்பட்டது. மன்னாரிலும் 2016இல் கண்டறியப்பட்டது. மலேரியாவின் சுமையில் பெரும்பங்கைத் தாங்கும் கண்டம் ஆப்பிரிக்கா. உலக சுகாதார நிறுவனக் கணக்கின்படி 2023இல் உலகெங்கும் ஏறத்தாழ 5 லட்சத்து 97 ஆயிரம் பேர் மலேரியாவால் இறந்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர் ஆப்பிரிக்கப் பகுதியினர். அங்கே நோய் மிகுந்த 33 நாடுகளில் அவ்வாண்டு கருவுற்ற ஏறத்தாழ 3 கோடியே 60 லட்சம் பெண்களுள் 1 கோடியே 24 லட்சம் பேர் மலேரியாவுக்கு ஆளாகினர்.

அந்நாடுகளில் ஒரு வழி பின்பற்றப்படுகிறது. நோய் இருக்கிறதா இல்லையா என்று பாராமலே, நான்காம் மாதம் தொடங்கி, மாத இடைவெளி விட்டு, சல்ஃபடாக்சின்-பைரிமெத்தமின் மாத்திரையைக் குறைந்தது மூன்று தவணை கொடுப்பது. நஞ்சுக்கொடியில் ஒளிந்திருப்பதையும் அது துடைக்கும். புதிதாக வருவதையும் சிலகாலம் தடுக்கும். மலிவான மருந்து. ஆயினும் மூன்று தவணையும் பெற்றவர்கள் 2023இல் நூற்றுக்கு 44 பேர்தான். மீதிப் பேர் ஏன் பெறவில்லை? சிலருக்கு மருத்துவமனை தொலைவு. சில நேரம் மருந்து இருப்பில் இல்லை. பலர் முதல் வருகைக்கே ஐந்து, ஆறு மாதம் கழித்து வருகிறார்கள். கருவுற்றதை வயிறு தெரியும் முன் வெளியே சொல்லக்கூடாது, கண்ணேறும் செய்வினையும் தாக்கும் என்ற நம்பிக்கை அங்கே பல சமூகங்களில் உண்டு. 'மூணு மாசம் முடியட்டும், அப்புறம் சொல்லலாம்' என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது அந்நியமா என்ன?

இந்த இடத்தில்தான் நல்ல கல்வி என்ன செய்யும் என்பது தெரிகிறது. கொங்கோ சனநாயகக் குடியரசு, மடகாஸ்கர், மொசாம்பிக், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகளில் 2017இல் தொடங்கிய திட்டம் ஒன்றில், பயிற்சி பெற்ற ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிச் சென்று விளக்கி மருந்தும் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்கள் தொகை உயர்ந்தது. ஊரார் வந்தால் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்திவிடுவார்களோ என்ற ஐயம் முதலில் இருந்தது, அப்படியும் ஆகவில்லை. அந்தப் பணியாளர் அதே ஊர்க்காரர், அதே மொழிக்காரர். கருவுற்ற செய்தியை நம்பிச் சொல்லத்தக்க ஆள் ஒருவர் ஊருக்குள் இருப்பதே முதல் மருந்து என்று நமக்குத் தோன்றுகிறது.

இந்தியாவில் நோய்ப் பரவல் அந்த அளவுக்கு இல்லாததால் இத்தடுப்பு மாத்திரை வழக்கில் இல்லை. பூச்சிமருந்து ஏற்றிய வலை, உடனடிப் பரிசோதனை, காலம் தாழ்த்தாத மருத்துவம் என்ற மூன்றே வழி. ஆகவே நமக்குக் கல்வியின் தேவை இன்னும் அதிகம். ஏனென்றால் மூன்றும் அந்தப் பெண்ணும் அவள் வீட்டாரும் எடுக்கும் முடிவைச் சார்ந்தவை. ஒடிசாவைப் பாருங்கள். நாட்டின் மலேரியா நோயாளிகளில் பெரும்பங்கைச் சுமந்த மாநிலம் அது. அங்கே கருவுற்ற பெண்களுக்கும் பழங்குடி விடுதி மாணவர்களுக்கும் வலை கொடுக்கும் திட்டத்துக்கு வைத்த பெயர் 'மோ மசாரி'. ஒடியா மொழியில் 'என் கொசுவலை' என்று பொருள். பெயரிலேயே ஒரு பாடம் இருக்கிறது. 'நீடித்த பூச்சிக்கொல்லி ஏற்றப்பட்ட வலை வழங்கும் திட்டம்' என்று வைத்திருந்தால் அது அரசாங்கத்தின் வலை. 'என் கொசுவலை' என்றால், வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும், அது அவளுடையது. ஒரு சொல் செய்யும் வேலையை ஆணைகள் செய்வதில்லை.

பிறகு 2017இல் எளிதில் எட்ட முடியாத ஊர்களுக்கென 'தமன்' என்ற திட்டத்தை அம்மாநிலம் தொடங்கிற்று. காய்ச்சல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஊரில் எல்லாருக்கும் முகாம் நடத்தி இரத்தம் சோதிப்பது, கண்டவர்களுக்கு அங்கேயே மருந்து, வீட்டுக்கு வலை, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் உடல்நலச் சோதனை. 2016இல் நான்கு லட்சத்தைத் தாண்டியிருந்த நோயாளிகள் தொகை 2018இல் எழுபதாயிரத்துக்கும் கீழே இறங்கிற்று. பின்னர் ஏற்ற இறக்கம் உண்டு என்றாலும் பழைய நிலை திரும்பவில்லை. சத்தீஸ்கரின் பஸ்தரில் 2020இல் வீடுவீடாகச் சோதித்தபோதும் நோய் கண்டவர்களுள் பலருக்கு அறிகுறியே இருக்கவில்லை. காய்ச்சல் வந்தால் வா என்ற பழைய வாசகம் எவ்வளவு பேரைக் கைவிட்டிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இங்கே ஒரு மறுப்பையும் எதிர்கொள்ள வேண்டும். வலை இல்லாதவளிடம் வலையின் பெருமை பேசி என்ன பயன்? மருந்து இருப்பில் இல்லாத நிலையத்துக்கு வரச்சொல்லி என்ன பயன்? முற்றும் சரி. பொருள் இல்லாத இடத்தில் கல்வி, பசித்தவனுக்குச் சமையற் குறிப்பு வாசிப்பது போன்றது. நோய் வந்ததற்கு அவளே பொறுப்பு என்று பழிசுமத்தவும் அது பயன்படும். 'சொன்னோமே, கேட்டாயா?' என்ற கேள்வியை எத்தனை தாய்மார் கேட்டிருப்பார்கள்! எனவே வலையும் மருந்தும் முதலில் வரவேண்டும். ஆனால் வலை வந்தபின்னும் அது பரணில் கிடந்தால், புழுக்கமாக இருக்கிறது என்று மடித்து வைக்கப்பட்டால், நெல் மூடப் பயன்பட்டால், அங்கே குறை பொருளில் இல்லை. புழுக்கம் என்பதும் பொய்யான காரணமன்று. புழுக்கத்தைத் தாங்கிக்கொள்ளும் அளவுக்கு ஒரு காரணத்தை அவளுக்கு நாம் கொடுத்தோமா என்பதே கேள்வி.

தமிழ்நாட்டில் இன்று மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது. இலங்கை 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றுவிட்டது. 1934-35 கொள்ளை நோயில் ஏறத்தாழ எண்பதாயிரம் பேரை இழந்த நாடு அது. இனி நமக்கென்ன என்று இருந்துவிடலாமா? அதே இலங்கையில் 1963ஆம் ஆண்டு முழுவதும் கண்ட நோயாளிகள் 17 பேர்தான். நோய் போய்விட்டதென்று கண்காணிப்பைத் தளர்த்தினார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. நம் கட்டடப் பணியிடங்களைப் பாருங்கள். ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் சத்தீஸ்கரிலிருந்தும் வந்து தகரக் கொட்டகைகளில் தங்கியிருக்கும் குடும்பங்களில் கருவுற்ற பெண்களும் இருக்கிறார்கள். சிமெண்டுத் தொட்டியில் தேங்கிய நீரருகே உறங்குகிறார்கள். நம் சுவரொட்டி அவர்களுக்குப் புரியாத தமிழில் இருக்கிறது. நம் பெண்களுக்கும் அது புரியாத தமிழ்தான் என்பது வேறு செய்தி. ஒடியாவிலும் இந்தியிலும் ஒரு பக்கம் எழுதித் தருவதற்கு ஒரு மாநகரத்தில் ஆளில்லாமலா போய்விடும்? ஊர் திரும்பிப் பேறு காண்பவளுக்கு நோய் மிகுந்த இடத்துக்குப் போகிறோம் என்ற எச்சரிக்கையும் வலையும் கொடுத்தனுப்ப வேண்டாமா?

நம்மால் ஆவது என்ன? கருவைப் பதிவு செய்யும் முதல் நாளே இந்தப் பேச்சு நடக்க வேண்டும். வளைகாப்பு நல்ல வாய்ப்புத்தான். அரசே சமுதாய வளைகாப்பு நடத்துகிறது. மாமியாரும் நாத்தனாரும் ஒருங்கே கூடும் இடம் அது. ஆனால் ஏழாம் மாதம் காலம் கடந்த மாதம். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்ய வரும்போதே, உடன் வந்தவரையும் அருகில் உட்காரவைத்து, நோய் இருக்கும் பகுதிகளில் வலையைக் கையில் கொடுத்து, ஏன் என்று சொல்ல வேண்டும். அதற்கான சொற்களை எழுதித்தர நம் துறை மாணவர்கள் முன்வர வேண்டும். சென்ற பருவத்தில் பயிற்சியாக ஒன்று செய்து பார்த்தோம். நலவாழ்வுத் துண்டறிக்கை ஒன்றைக் கொடுத்து, அதை அவரவர் பாட்டியிடம் வாசித்துக் காட்டி, அவர் எங்கே நிறுத்தி 'அப்படின்னா?' என்று கேட்கிறார் என்று குறித்துவரச் சொன்னோம். பெரும்பாலோர் இரண்டாம் வரியிலேயே குறித்து வந்தனர். பிறகு அவர்களே திருத்தி எழுதினார்கள். ஒரு மாணவி எழுதியது இது: 'உனக்குக் காய்ச்சல் இல்லாவிட்டாலும் உன் பிள்ளையின் சோற்றுப் பானையில் அது ஒளிந்திருக்கும். விரலில் ஒரு சொட்டு இரத்தம் கொடு. வலைக்குள் படு. பயமாக இருந்தால் கேள். கேட்பது உன் உரிமை.'

அந்தப் பக்கத்துக்கு நாம் மதிப்பெண் போடவில்லை. அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, 'ஒரு சொட்டுல தெரியலைன்னாலும் அடுத்த மாசம் திரும்பப் பாக்கணும்னு சேர்த்துக்கச் சொல்லுங்க சார்' என்றார். மாணவி சேர்த்துவிட்டாள்.